அந்தரத்தில் தொங்கிய கப்பல்

அந்தக் கப்பலை நான் நேரில் பார்த்ததில்லை. கடலையே பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆழ்கடலில் மூழ்கிக் கிடக்கும் அந்தச் சரக்குக் கப்பலின் துருப்பிடித்த படிக்கட்டுகூட எனக்கு அத்துப்படி. அதைத் தேடிப் போன வெளிநாட்டுக் குழுவின் இணையதளத்தை, அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து உருவாக்கியவள் நான். மவுஸை உருட்ட உருட்டத் திரை கடலுக்குள் இறங்கும். வெளிச்சம் குறையும். குழுவின் ரோபோ கூடவே வரும். அடியில் கிடக்கும் கப்பலில் எந்த அறையைத் தொட்டாலும் அதன் கதை திறக்கும்.

வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் என்னை ஒரு கோழித்தீவனக் கம்பெனியின் தளத்துக்கு மாற்றிவிட்டார். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். போய்க் கேட்டேன்.

"பேர்ல என்ன சாமி இருக்குது? கம்முனு வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவர் டீ குடிக்கும் சத்தம்கூடப் பொறுக்கவில்லை. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வழியை அவரே போட்டுக் கொடுத்தார்.

அவருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பம். அந்தத் தொழிலில் 'ஆயிரத்து இருநூறு போச்சு' என்றால் அடிதான். அடியா மீட்டரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் கப்பல் கிடந்தது மூவாயிரம் மீட்டர் ஆழத்தில். தளத்துக்குள் நான் அலகு எதுவும் போடாமல் மூவாயிரம் என்று கொடுத்திருந்ததை அவர் அடி என்று எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர்களுக்கு மீட்டரில் இருந்தால்தான் புரியும் என்று கால்குலேட்டரை எடுத்து மாற்றினார். மூவாயிரம், தொள்ளாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. அந்த எண்ணை வைத்துத்தான் திரையில் கப்பல் நிற்கும் இடம் அமையும்; கடல்தரை பழைய இடத்திலேயே இருக்கும்.

"ஏனுங்க, அந்த ஆழம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆழத்தப் பத்தி எனக்கே சொல்றியா? எங்கூட்டுல மூணு ரிக் ஓடுது. போ, போ."

போய்விட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதும் இல்லை.

குழுவுக்கு வீடியோ அழைப்பில் தளத்தைக் காட்டும் நாளில், சந்தேகம் வந்தால் எடுத்துக்கொடுக்க என்னைக் கேமராவில் விழாத பக்கமாக உட்காரவைத்தார். ஜம்பமாகப் பேசிக்கொண்டே மவுஸை உருட்டினார். பாதிக் கடல்கூடத் தாண்டவில்லை, கப்பல் வந்துவிட்டது. கீழே தரையில்லாமல் தண்ணீரில் அந்தரமாகத் தொங்கியது. ரோபோ அதைக் கடந்து இறங்கி, வெறும் மணலில் போய் நின்றது. சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் கப்பல் எப்போது மிதக்க ஆரம்பித்தது என்று குழுவின் தலைவி கேட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கற?"

அதற்குத்தான் காத்திருந்தேன். நாற்காலியைக் கேமராவுக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.

"நான் பண்ணலீங்க. மீட்டரையே மறுபடி மீட்டரா மாத்துனது நீங்கதானுங்க."

அதையே ஆங்கிலத்திலும் நிதானமாகச் சொன்னேன். என்னிடம் இருந்த பழைய பிரதியைத் திறந்து காட்டினேன். கப்பல் தரையில் உட்கார்ந்திருந்தது. இதைச் செய்தது யார் என்று தலைவி கேட்டார். நான் என்றேன். அப்படியென்றால் அந்தப் பெயரை இப்போதே போடுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்.

மேனேஜர் கீபோர்டை இழுத்தார். கையை வைத்தவர் அப்படியே நின்றார். வருஷக்கணக்காக ஒரே அறையில் வேலை பார்க்கிறோம்.

"உன்ற... உங்க இனிஷியல் என்னங்க?"

சொன்னேன். பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அடித்து முடித்தார். ஒரு பிழையும் இல்லை.

"தப்புங்க," என்றேன். "அழிச்சுட்டு மறுக்கா அடிங்க."

அழித்தார்.