அத்தைக்கு நான் நடத்திய பயணப் பாடம்

பத்து வயதில் எனக்கு இருந்த தெனாவெட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்த ஒரே ஆள் நான். கொடைக்கானலையும் தாண்டி, மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர் எங்களுடையது. அங்கிருந்து வேனில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற நாலைந்து பிள்ளைகளில் நானும் ஒருத்தி. கழுத்தில் டை இருக்கும்வரை அம்மா என்னிடம் வேலை சொல்லமாட்டார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதனால் சாப்பிட உட்காரும்வரை அதை அவிழ்ப்பதே இல்லை.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தார். அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கலாம். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்திருந்தார். ஒருநாள் எதிர்வீட்டு அக்கா ஒரு சேதியோடு வந்தார். அவர் வேலை பார்க்கிற வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸில், வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி அறையைக் காட்டுவதற்கு ஒரு பெண் வேண்டுமாம். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அங்கேயே. திங்கட்கிழமை அந்த ஓனரம்மாவே நேரில் இங்கிலீஷில் பேசிப் பார்ப்பாராம்.

"பயப்படாத. வந்து தங்குற சனம் வேற என்னத்தப் பேசப் போகுது? எங்க போயிருக்க, எப்பப் போன, என்னத்தப் பார்த்த, இதேதேன் பேச்சு. அத மட்டும் வெரசாக் கத்துக்க, போதும்" என்றார் அக்கா.

அத்தை அன்றைக்கே என்னிடம் வந்துவிட்டார். என் இங்கிலீஷ் புத்தகத்தில் பயணம் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி சொல்வாள். "ஹேவ் யூ எவர் பீன் டு மும்பை?" என்று ஆரம்பிக்கும். எப்போதாவது மும்பை போயிருக்கிறாயா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. எப்போது போனாய், யாரோடு போனாய், எதில் போனாய், எங்கே தங்கினாய், என்ன பார்த்தாய் என்று கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிடுவாள். எங்கள் மிஸ் எனக்கு எப்படிக் கையை ஆட்டிச் சொன்னாரோ அப்படியே நானும் ஆட்டி அத்தைக்குச் சொன்னேன்.

"போயிருக்கியான்னு கேட்டா 'ஹேவ் பீன்'. அதுக்கு நாள் கிழமை சொல்லக் கூடாது. எப்பப் போனன்னு கேட்டா 'வென்ட்'. அங்கதேன் நாள் கிழமை வரும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க டீச்சர்" என்பார் அத்தை. அந்த 'ங்க'வுக்காகவே நான் மறுபடி ஒருமுறை விளக்குவேன்.

ஆனால் அப்பா சம்மதிக்கவில்லை. "அதெல்லாம் வேணாம்" என்று ஒரே பேச்சு. ஏன் என்று அத்தையும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அத்தை விஷயத்தில் எங்கள் வீட்டில் கேட்காமல் விட்டது நிறைய இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு வீடே பழனிக்குக் கிளம்பும், அத்தை மட்டும் கிளம்பமாட்டார். கேட்டால், "பூண்டப் பாத்துக்க ஆள் வேணாமா?" என்பார் அம்மா. ஊர் பூராவும் பூண்டு கிடக்க, எங்கள் பூண்டை யார் வந்து தூக்கப் போகிறார்கள்? வத்தலக்குண்டுக்குத் துணி எடுக்கப் போனாலும் அத்தையின் அளவு ஜாக்கெட்தான் பையில் போகுமே ஒழிய அத்தை போகமாட்டார். பாவம், அந்த ஜாக்கெட் மலையிலிருந்து இறங்கின அளவுக்குக்கூட அவர் இறங்கினதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கோ எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. அத்தை எங்கேயும் கிளம்பவே இல்லையே, அவரிடம் கேட்டால் எந்தக் காரியம் கெடும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பாடமும் நகரவில்லை. மும்பை கேட்டால் "நோ, ஐ ஹேவ் நெவர்." சென்னை கேட்டால் அதற்கும் "நெவர்". கோவாவுக்கும் அதே. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னா யாரு வேல குடுப்பாங்க? சும்மா போயிருக்கேன்னு சொல்லுங்கத்தே."

"போகாத ஊரப் பத்தி என்னத்தச் சொல்ல?"

"அப்பப் போன ஊரச் சொல்லுங்க."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்குப் பாடம் போதும் என்று எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. காட்டு வேலை இல்லாததால் எல்லோரும் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டை அதன் காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் சந்தைக்குப் போகிற சரக்கு. அந்த வேலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. தலையைக் குனிந்து கை பாட்டுக்கு முடிந்துகொண்டே இருக்கலாம். அன்று காலையில் அத்தை கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தார். "ஒருக்காச் சொன்னாப் புரியாதா?" என்று அப்பா எரிந்து விழுந்திருந்தார். அதனால் வீட்டில் பேச்சுமூச்சு இல்லை.

திடீரென்று அத்தை, "சோலிக்குப் போகாட்டிப் போகுது. ஆரம்பிச்ச பாடத்த முடிச்சிருவோம். கேளு பாப்பா" என்றார்.

நானும் ஆணியில் கிடந்த டையை மாட்டிக்கொண்டு மும்பையை எடுத்தேன். அத்தை குறுக்கிட்டு, "ராமேஸ்வரம்னு கேளு" என்றார். கேட்டேன்.

"யெஸ், ஐ ஹேவ்" என்றார் அத்தை.

எனக்கு ஒரே சந்தோஷம். ஒருவழியாகப் பொய் சொல்லப் பழகிவிட்டார்! விடாமல் அடுத்தடுத்த கேள்விகளைப் போட்டேன். அத்தை திக்கித் திணறி, பாதி வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டாலும், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். தப்பு வருகிற இடத்தில் நான் திருத்துவேன். அவர் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போவார்.

எவ்வளவு இங்கிலீஷ் பேசினாலும் ஊர்ப்பெயர் மாறாதே. ராமேஸ்வரம் என்றதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. மதுரை என்றதும் அப்பா நிமிர்ந்தார்.

"என்னத்தா சொல்றா? தமிழ்ல சொல்லு" என்றார் என்னிடம்.

"அது பிள்ளைக பாடங்க. பாப்பா, நீ போயி மாட்டுக்குத் தண்ணி வையி" என்றார் அம்மா அவசரமாக.

"மழையில என்ன தண்ணி? இருக்கட்டும். நீ சொல்லு."

எனக்குக் கேட்கவா வேண்டும்? எழுந்து நின்றே சொன்னேன். "அத்தை ராமேஸ்வரம் போயிருக்காங்களாம்ப்பா. பன்னெண்டாவது முடிச்ச வருசம் போனாங்களாம். மார்க் ஷீட் வாங்க வத்தலக்குண்டுக்குப் போனப்ப மதுரை பஸ் நின்னுச்சாம், ஏறிட்டாங்களாம். மதுரையில ராமேஸ்வரம் பஸ் நின்னுச்சாம். அதுலயும் ஏறிட்டாங்களாம்."

"யாரோட?" என்றார் அப்பா.

அந்தக் கேள்வி புத்தகத்திலேயே இருந்தது. இங்கிலீஷில் கேட்டேன். அத்தை பூண்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"யாரும் இல்லையாம்ப்பா. தனியாத்தேன் போனாங்களாம். கடலப் பார்க்கணும்னு ஆசையாம். கோயிலுக்கு வந்த பொம்பளைங்க கூட்டத்தோட படுத்துக்கிட்டாங்களாம். மறுநா மதியம் வரைக்கும் கடலப் பார்த்தாங்களாம்."

"ஆத்தி!" என்றார் அம்மா, வாய்க்குள்ளேயே.

அப்பா இன்னொரு பூண்டுக் கட்டைக் கையில் எடுத்தார். பிறகு, "ஏன் திரும்பி வந்தன்னு கேளு" என்றார்.

"அது பொஸ்தகத்துல இல்லப்பா."

"இல்லாட்டி என்ன? நீயா போட்டுக் கேளு."

போட்டுக் கேட்டேன். இந்தமுறை அத்தையின் இங்கிலீஷ் அடியோடு குலைந்துவிட்டது. பிரதர் என்றார், பஸ் என்றார், நடுநடுவே கையால் காட்டினார். நான் திருத்துவதையே விட்டுவிட்டு, புரிந்தவரை தமிழில் சொன்னேன்.

"திரும்பி மதுரைக்கு வந்து எறங்குனாங்களாம்ப்பா. அடுத்து எங்க போகலாம்னு பாத்துக்கிட்டு நின்னாங்களாம். அங்க அவங்க அண்ணன், இவங்க போட்டோவ வச்சுக்கிட்டு எல்லாருட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தாராம். கால்ல செருப்பு இல்லையாம். ஒரு பஸ்ஸுல ஏறுவாராம், எறங்குவாராம், ஏறுன பஸ்ஸுலயே மறுபடி ஏறுவாராம். இவங்க தூணுக்குப் பின்னாடி நின்னு பாத்தாங்களாம். அவரு பாக்கவே இல்லையாம். அவருக்கு மதுரை புதுசு, ஊருக்கு எந்த பஸ்ஸுன்னு தெரியாது, விட்டாத் தொலைஞ்சுபோயிருவாருன்னு இவங்களாப் போயிப் பக்கத்துல நின்னாங்களாம். இவங்கதேன் அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்களாம்."

சொல்லி முடித்துவிட்டு, அத்தை எவ்வளவு ஜோராகக் கதை கட்டுகிறார் என்று வியந்து நின்றேன். ஓனரம்மா அசந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்பா கையிலிருந்த கட்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "போர்டெல்லாம் படிக்கத் தெரியும். அன்னைக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு" என்றார்.

யாரோ கதையில் வருகிற அண்ணனுக்கு இவர் ஏன் வக்காலத்து வாங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் இங்கிலீஷில் சொன்னேன். அத்தை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதார். அம்மா நகர்ந்து போய் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

அப்பா என்னைத்தான் பார்த்தார். "திங்கக்கெழம வெள்ளனே கெளம்பணும்னு சொல்லு. நானே வண்டியில கொண்டுபோயி விடுறேன்னு சொல்லு."

"அத்தைக்குத்தேன் தமிழ் தெரியுமேப்பா. நீங்களே சொல்லுங்க."

"நீ சொல்லுத்தா."

சொன்னேன். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றார், தமிழில்.

விவரம் தெரிந்த வயதில்தான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னார். அத்தை காணாமல்போன அந்த இரண்டு நாளில், பூண்டு ஏற்ற வந்த லாரிக்காரனோடு போய்விட்டதாக ஊரே பேசி முடித்துவிட்டதாம். தானே பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பிடித்து இழுத்து வந்ததாகத்தான் அப்பாவும் அத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். தீட்டுக் கழிப்பதுபோல் தலையில் தண்ணீர் ஊற்றி உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். எங்கே போனாய், யாரோடு போனாய், என்ன பார்த்தாய் என்று ஒருவர்கூட அத்தையிடம் வாய்திறந்து கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று எல்லோருக்கும் பயம்.

அன்று மழை விட்டதும் அப்பா எழுந்து வெளியே போனார். போகிறபோது என் பக்கத்தில் நின்று, தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். என் பரீட்சை மார்க்குக்குக்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. என் இங்கிலீஷுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.