பிரேக் பெடலை அமத்திய கால்

பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பிறகு இவனும் அந்தக் கூட்டம்தான் என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக முதலே சொல்லிவைக்கிறேன். கார் திருத்துகிறவனுக்குப் பேயை நம்பினால் தொழில் ஓடாது. ஒருக்கா ஒராள், "அண்ணை, ஆரும் தொடாமலே ஹோர்ன் அடிக்குது, இதுக்குள்ள ஏதோ இருக்கு" என்று பேய்க்குக் காவலாய் முன்னுக்கும் பின்னுக்கும் தேசிக்காய், எலுமிச்சைதான், கட்டிக்கொண்டு ஒரு வானைக் கொண்டுவந்தார். ஓம், இருந்ததுதான். எலி கடித்த வயர் இருந்தது. தேசிக்காயைக் கழற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு வயரை மாற்றிக் கொடுத்தனான். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்லுகிறேன், நம்புகிறதும் விடுகிறதும் உங்கட பாடு. இன்னொன்று, இது இரவில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி.

சமாதானம் சமாதானம் என்று சொன்ன காலம் தேய்ந்துகொண்டு போன நேரம் அது. எடுத்துவிட்ட சென்றிகள், ஆமியின் காவலரண்கள், எல்லாம் ஒவ்வொன்றாய்த் திரும்ப முளைக்கத் தொடங்கியிருந்தன. எங்கட கராஜ் திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்த றோட்டில், பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சென்றி. மதிலுக்கு மேலால் எங்கட தேத்தண்ணி அங்கே போகும், அங்கேயிருந்து பிஸ்கற் பைக்கற் இங்கே வரும். ஆனால் ஏதும் பிரச்சினை என்றால் முதல் தட்டுகிறதும் எங்கட கதவுதான்.

நசீர் கிண்ணியா ஆள். இரண்டு லொறி வைத்து மணல் ஏற்றினவன், வயது முப்பது தாண்டியும் சின்னப்பிள்ளை மாதிரி ஒரு ஆசை அவனுக்கு. தெற்கில் பழைய விமான ஓடுபாதை ஒன்றில் கார் ஓட்டப்போட்டி வைப்பார்கள், அதில் ஒருக்காவாவது ஓடவேண்டும். அதற்காகக் கொழும்பில் ஒரு கார் வாங்கி வந்தான். மூன்று கதவு, பின்பக்கம் கத்தியால் வெட்டிவிட்ட மாதிரிக் குட்டையான ஜப்பான் கார், ஆனால் எஞ்சின் உள்ளுக்குள் நரி. அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, கடலைக் கடக்கப் பாதை என்கிற மிதவைதான், அதில் அந்தக் காரை ஏற்றி இறக்குகிற ஒவ்வொரு தரமும் அடிப்பக்கம் பலகையில் உரசும், இவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

பின்சீற்றைக் கழற்றினோம். சத்தம் வராமல் இருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ச் சீலையைச் சுரண்டியெடுத்து வெறும் தகரமாக்கினோம், பாரம் குறைய வேண்டுமல்லவா. ஸ்பிரிங்கை இறுக்கமானதாய்ப் போட்டு உயரத்தைக் குறைத்தோம். சைலன்சரை மாற்றினோம், அந்தச் சத்தத்துக்காகச் சென்றிகளில் இறங்கி நின்று விளக்கம் சொன்னதே பெரிய கதை. "இதென்ன மச்சான், ஓடப்போற காருக்குக் கதிரை மேசை எல்லாம் கழட்டுறாய், வீடு மாறுற மாதிரி இரிக்கு" என்று நசீரே சிரிப்பான்.

எல்லாம் சரி, பிரேக்தான் சரியில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் நிலாவெளி றோட்டில் ஓடிப் பார்ப்போம். முதல் தரம் பிடித்தால் நெற்றி கண்ணாடியில் முட்டும், அடுத்ததும் பரவாயில்லை, அதற்கு மேல் பெடல் பழுத்த பப்பாப்பழத்தில் காலை வைத்த மாதிரி உள்ளே போகும். பிரேக் ஒயில் ஈரத்தைக் குடிக்கிற சாமான், எங்கட உப்புக்காற்றில் சொல்லவே வேண்டாம். சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பிறகு எவ்வளவு அமத்தினாலும் காலின் பலம் சில்லுக்குப் போய்ச் சேராது. சந்தைக்குப் போய்வருகிற காருக்கு அது பெரிய விசயமில்லை. ஓட்டப்போட்டியில் முழு வேகத்தில் வந்து வளைவுக்கு முன்னால் பிடிக்கிற ஆளுக்கு அது உயிர்.

இதை நசீரின் மனைவி பரீதா எங்கள் இரண்டு பேரையும் விட நன்றாக விளங்கி வைத்திருந்தா. ஒருநாள் கராஜுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னா: "அண்ணன், ஓடுற விசயம் அவர்ர பாடு. நிப்பாட்டுற விசயம் உங்கட பாடு. எனக்கு ரெண்டு பிள்ளை இரிக்கு." அவ்வளவுதான் சொன்னா. அன்றைக்கு ராத்திரி நான் சரியாய்ச் சாப்பிடவில்லை.

கொழும்பிலிருந்து சூடு தாங்குகிற ஒயிலும், ரப்பர் குழாய்க்குப் பதிலாய்ப் போட இரும்புக் கம்பி பின்னின புதுக் குழாய்களும் எடுப்பித்தோம். போட்டிக்கு இன்னும் இரண்டு நாள். காரை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, சில்லு நாலும் கழற்றி, குழாய்களைப் பூட்டிவிட்டு, காற்று எடுக்கிற வேலைக்கு வந்தோம்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒராள் சீற்றில் இருந்து பெடலை அமத்திப் பிடிக்க வேண்டும், மற்றவன் கீழே படுத்து, சில்லடியில் இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகுவாயைத் திறக்க, காற்றும் பழைய ஒயிலும் குழாய் வழியாய்ப் போத்தலுக்குள் சீறிக்கொண்டு வரும். நிப்பிளைப் பூட்டின பிறகுதான் மேலே இருக்கிறவன் காலை எடுக்கலாம். எல்லாக் கராஜிலும் இதைக் கத்தித்தான் செய்வார்கள். நாங்கள் கத்துவதில்லை. முந்தி ஒருக்கா நான் காருக்குக் கீழே கிடந்து "அடி! அடி! பிடி, விடாத!" என்று கத்த, மதிலுக்கு மேலால் நாலு துவக்கு நீண்டது. அதற்குப் பிறகு ஸ்பானரால்தான் கதை. நான் அடித்தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அமத்து, இரண்டு தட்டினால் விடு. மேலே இருக்கிறவன் அமத்திப் பிடித்தவுடன் குதிக்காலால் தரையில் ஒரு தட்டு. சீலை சுரண்டின வெறும் தகரம், அந்தத் தட்டு என் நெஞ்சுக்குள்ளேயே கேட்கும்.

நசீர் சீற்றில். நான் கீழே. பக்கத்து வளவில் பெயின்ற் அடிக்கிற கொம்பிரசர் இரைந்துகொண்டு கிடந்தது. தூரத்துச் சில்லில்தான் தொடங்க வேண்டும், பின்பக்கம் இடது. தட்டினேன், டொக் என்று பதில் வந்தது, திறந்தேன், பூட்டினேன், இரண்டு தட்டு. இப்படியே காற்றில்லாமல் ஒயில் சுத்தமாய் வரும் வரைக்கும். அந்தச் சில்லு முடிகிற நேரம் கார் மெல்ல ஒருக்கா ஆடினது. கால் விறைத்திருக்கும், நசீர் அசைந்து இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எழும்பி ஒயில் டாங்கியை நிரப்பினேன். பொனற் திறந்து நின்றதால் முன்கண்ணாடி தெரியாது. "கால் நோகுதோ?" என்று கேட்டதற்கு ஒரு தட்டுக் கேட்டது. பகிடி விடுகிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பப் படுத்தேன். பின்பக்கம் வலது முடிந்தது. முன்பக்கம் இடதுக்கு முதுகாலேயே ஊர்ந்து போனேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நசீரோடு அந்த வேலை அவ்வளவு திறமாய் ஒருநாளும் நடந்ததில்லை. அவன் அவசரக்காரன், நான் பூட்ட முந்திக் காலை எடுத்துவிடுவான். இப்போது ஒரு பிழையும் இல்லை. ஊரில் நல்ல நட்டுவாங்கம் பிடிக்கிறவர்கள் மாதிரி, தட்டுக்குத் தட்டு.

முன் இடது சில்லும் முடிந்தது என்று நிப்பிளைப் பூட்டி இரண்டு தட்டுத் தட்டினேன். விடவில்லை. பெடலை விட்டானா இல்லையா என்று கீழே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சில்லு கழற்றியிருக்கிறது, பிரேக் டிஸ்க் கைக்கெட்டும் தூரத்தில். விட்டால் அது கையோடு சுழலும். சுழற்றிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. திரும்ப இரண்டு தட்டு. திரும்பவும் இரண்டு. "டேய், நித்திரையோ?" என்று மெல்லக் கேட்டேன். அசையவில்லை. எரிச்சலில் அப்படியே படுத்துக் கிடந்து மேலே பார்த்தேன், பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை, முகத்துக்கு நேரே அந்தப் புதுக் குழாய்தான்.

குழாய் மூட்டோடு சேருகிற இடத்தில் ஒரு துளி. வேர்வை அரும்புகிற மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கவே அது பருத்து என் கன்னத்தில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. மூட்டில் மயிர் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அமத்தி அமத்தி விடுகிற வழக்கமான வேலையில் அது ஒருநாளும் தெரிந்திருக்காது. நீளத்துக்கு அமத்திப் பிடித்தால்தான் அழும்.

"கண்டிட்டன். விடு" என்றேன். தட்டவில்லை, வாயால்தான் சொன்னேன், பெரிதாகவும் சொல்லவில்லை. கையிலிருந்த டிஸ்க் சுழன்றது.

சந்தோசத்தில் வெளியே ஊர்ந்து வந்து, "மச்சான், இறங்கி வந்து பார்" என்று கதவைத் திறந்தால் சீற்றில் ஒருவரும் இல்லை.

கராஜிலும் இல்லை. றோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மதிலால் எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த சென்றிக்காரப் பொடியன் என்னைக் கண்டு திடுக்கிட்டான். "பாஸ், நீங்க போக இல்லையா? ஆம்பிளை எல்லாம் கிறவுண்ட். செக்கிங். நிறைய நேரம்!" சந்தைப் பக்கம் ஏதோ வெடித்ததாம், றோட்டிலும் கடைகளிலும் நின்ற ஆண்கள் எல்லாரையும் விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கீழே கிடந்த என்னை ஒருவரும் காணவில்லை.

நசீரைப் பின்னேரம்தான் விட்டார்கள். ஐ.சி.யை, அடையாள அட்டையை, வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறான், கேள்விப்பட்டுப் பரீதா அதை எடுத்துக்கொண்டு பாதையேறி ஓடி வந்து காட்டின பிறகுதான் விட்டது. வந்ததும் வராததுமாய்க் கேட்டேன், எப்ப இறங்கினனீ என்று.

"முதல் சில்லு முடியக்குள்ளயே ஆமிக்காரங்க வந்து தோளில கை வெச்சிட்டாங்க. ஒன்னக் கூப்பிட்டன், அந்தக் கொம்பிரசர் சத்தத்தில ஒனக்கு எங்க கேக்கிற?" என்றான். "ஏன், வேலை நிண்டு போச்சா?"

"இல்லை. மூண்டு சில்லு முடிஞ்சுது" என்றேன்.

அவன் போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பரீதா பக்கத்தில் நின்றதால் நான் போத்தலை மூடி ஓரமாய் எடுத்து வைத்தேன்.

தொழில் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள், நிப்பிளைத் திறந்துவிட்டால் ஒயில் தானாகவே வடியுமென்று. வடியும், தெரியும். வடியும், சீறாது. பெடல் அமத்தாமல் டிஸ்க்கும் கல்லாய் நிற்காது. இன்னொருவர் வெயில் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார். நான் நிழலில் கிடந்தனான்.

வெடித்த குழாயைக் கழற்றிப் பழைய ரப்பர் குழாயையே பூட்டினேன். போட்டிக்குப் போனோம், நசீர் ஓடினான், பின்னுக்கும் வரவில்லை, முன்னுக்கும் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றும் வளைவுக்கு முன்னால் கார் நின்று நிதானித்துத் திரும்புகிறதை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். முழுசாய்ப் போனவன் முழுசாய் வீட்டுக்கு வந்தான். பிறகு சண்டை திரும்பத் தொடங்க, காரை விற்றுவிட்டான். விற்க முந்தி, எங்களுக்கு அதை விற்ற கொழும்பு ஆளுக்கு நானே போன் எடுத்து, இந்தக் காரில் ஏதும் விபத்து, சாவு என்று நடந்ததா என்று கேட்டேன். கீறல்கூட விழாத வண்டி என்று சத்தியம் பண்ணினார். ஆகவே அந்தப் பக்கமும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நசீர் திரும்பி வந்த அந்தப் பின்னேரம், குழாயைக் கழற்ற முந்தி, அந்தக் கசிவை அவனுக்குக் காட்ட வேண்டும் என்று பெடலை அமத்தச் சொன்னேன். அவன் ஆறடிக்கு மேல். சீற்றை எப்போதும் கடைசிப் பல்லு வரைக்கும் பின்னுக்குத் தள்ளி வைத்துத்தான் இருப்பான். அன்றைக்கு உள்ளே ஏறப் பார்த்தான், முழங்கால் ஸ்டேரிங்கில் இடித்து ஏற ஏலவில்லை. சீற் முன்னுக்கு, இனிப் போக இடமில்லை என்ற வரைக்கும் வந்து நின்றது.

"ஆரு இதுல இருந்த?" என்றான்.

ஒன்றும் அறியாத பரீதா சிரித்துக்கொண்டு, "தள்ளுங்க, என்ட அளவுக்கு வெச்சிரிக்காங்க போல" என்று ஏறி இருந்து பார்த்தா. பரீதா சின்ன ஆள், நின்றால் நசீரின் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வருவா. இருந்து பெடலில் காலை வைத்தவ, உடனே முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கிவிட்டா. "எனக்கே சரியான கிட்டவா இரிக்கு. இது ஏதோ சின்னப்பிள்ளை இருந்த சீற்" என்றா.

பிறகு நசீர் லீவரை இழுத்துச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை அதில் முட்டுக்கொடுத்து, ஒற்றைக் காலால் அமத்தினான். குழாய் காய்ந்துபோய்க் கிடந்தது. இரண்டு காலையும் ஒன்றாய் வைத்து, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க அவன் பிடித்த பிடியில்தான் அந்த மூட்டில் ஒரேயொரு துளி அரும்பினது. என் கன்னத்தில் விழுந்த மாதிரி விழவில்லை. அரும்பினதோடு சரி.