வரிசையில் கடைசி ஆள்

காட்டுக்குள் நுழைந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வனக்காவலர் சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதி. கூட வந்த பெங்களூர்ப் பிள்ளைகள் மூவருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. ஐந்து மணி நேரம் பேசாமல் எப்படி நடப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கோ, யாரும் பேசாத இடத்தில் என் குட்டு வெளிப்படாது என்று தோன்றியது.

எனக்குக் காது கேட்காது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் லாரியே வந்தாலும் தெரியாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ப்ரெஸ் ஷாப்பில் இருபத்தாறு வருடம், தகட்டை வெட்டுகிற அச்சைப் பொருத்தும் டை செட்டராக இருந்ததற்கு மிச்சம் இது. எங்கள் தொழிலில் ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. காதில் வைக்கக் கொடுக்கும் இயர் பிளக்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வோம். ப்ரெஸ் தகட்டில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டே டை மழுங்கிவிட்டதா, எந்த மூலையில் பிசகு என்று சொல்பவன்தான் நல்ல செட்டர். காதை அடைத்துக்கொண்டால் அது தெரியாது. பிளக் வைத்துக்கொள்ளும் புதுப் பையன்களை 'மாப்பிள்ளை, காது குத்தி எத்தனை நாள் ஆச்சு' என்று கிண்டல் பண்ணுவோம். அதிகம் பண்ணியது நான்தான், மடையன்.

வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் காது டெஸ்ட் நடக்கும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வெளியே மெஷினைத் திருகுகிற பெண்ணின் தோள் ஒவ்வொரு சத்தத்துக்கும் லேசாக அசையும். நான் காதை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்துப் பட்டனை அமுக்குவேன். இப்படியே நாலு வருடம் பாஸ் ஆகிவிட்டேன். தெரிந்தால் என்னைத் தூக்கிப் பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். இருபத்தாறு வருடம் செட்டர் என்று தலை நிமிர்ந்து திரிந்துவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டுவதா என்று எனக்கு ரோஷம். அதனால் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டது கேட்காவிட்டால், ஷாப் சத்தம் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது என்று சமாளித்துவிடுவேன்.

இந்த நடைக்கு ஏற்பாடு செய்தது அவள்தான். ரோஜாத் தோட்டத்தில் பூ பேக்கிங் பார்க்கிறாள். அங்கே யாரோ போய் வந்து போட்டோ காட்டியிருக்கிறார்கள். அனுமதி வாங்கினால் அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் வனக்காவலரோடு நடந்துவிட்டு வரலாமாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ராகி அறுப்பு நடக்கிற சமயம். எனக்கும் ஆசைதான். கர்நாடகத்திலிருந்து யானை இறங்கிவிட்டது, ராகிக் கொல்லையில் புகுந்துவிட்டது என்று வருடாவருடம் பேப்பரில் படிக்கிறேன். அது எந்த வழியாக வருகிறது, பகலெல்லாம் எங்கே நிற்கிறது, அவ்வளவு பெரிய உடம்பை எப்படி ஒளித்துக்கொள்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

ஜீப்பில் போகும்போது வனக்காவலர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். முப்பது வயதுக்காரர், அஞ்செட்டிக்கு மேலே மலைக் கிராமத்து ஆள், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். நல்லவேளை, உதட்டை மறைக்காத சின்ன மீசை. என் வாய் சும்மா இருக்குமா? ப்ரெஸ் அடிக்கிற சத்தத்தை வைத்தே தகட்டில் மயிரிழை பிசகு இருந்தாலும் சொல்லிவிடுவேன் என்று அளந்துவிட்டேன். பெங்களூர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மனைவி ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பலன் இறங்கியதும் கிடைத்தது. வரிசையாக நடக்க வேண்டும், முன்னால் அவர் போவார், கடைசியில் வருகிறவருக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும், யானை பின்னாலிருந்தும் வரும் என்று வனக்காவலர் சொன்னார். பிறகு என்னைக் கை காட்டினார்.

"அண்ணன் கடைசில வரட்டும். காதுலயே வேலை செய்றவரு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மூன்று பிள்ளைகளும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கடைசியில் நின்றேன். காவலருக்குப் பின்னால் போகட்டும் என்று நான் நினைத்த மனைவி, எனக்கு நேர் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

காது இல்லாதவனுக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். எனக்கு அன்று பார்த்து மாளவில்லை. பாதையின் குறுக்கே ஒரு சிலந்தி வலை கிழியாமல் இருந்தது. அப்படியென்றால் காலையிலிருந்து இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. யானைச் சாணத்தை வனக்காவலர் குச்சியால் கிளறிக் காட்டினார். உள்ளே புளியங்கொட்டையும் ராகி உமியும் இருந்தன. யாருடைய கொல்லை ராகியோ, பாவம். ஒரு நீர்மருது மரத்தில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. கையைத் தூக்கினால்கூட எனக்கு எட்டவில்லை. என் சாண் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும், தொழில் பழக்கம். சாண் போட்டு அளந்துகொண்டே போய், மேலே எட்டாத இடத்தைக் கண்ணால் அளந்தேன். எட்டடிக்கு மேல் வந்தது. அந்த உயரத்தில் முதுகை உரசிவிட்டுப் போனது இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. பேசக் கூடாதே, அடக்கிக்கொண்டேன்.

மனைவி அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்து, நான் இருக்கிறேன் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

ஒரு திருப்பத்தில் ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பின. நானும் ஒரு நொடி பிந்தித் திரும்பினேன், சர்ச் பூசையில் எப்போது எழுந்திருப்பது என்று தெரியாதவன் பக்கத்து ஆளைப் பார்த்து எழுவது மாதிரி. அங்கே மூங்கிலும் வெயிலும்தான் இருந்தன. எதையோ கேட்டு எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. அது என்ன? பறவையா, குரங்கா? ஓடுகிற தண்ணீரா? இத்தனை வருடத்தில் காது போனதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, பயந்துதான் இருக்கிறேன். அன்று முதல் தடவையாக ஏக்கமாக இருந்தது. எல்லாருக்கும் பந்தியில் பரிமாறிவிட்டு என் இலையை மட்டும் தாண்டிப் போன மாதிரி இருந்தது.

ஒரு மணல் ஓடையைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் வனக்காவலர் கையை உயர்த்தினார். எல்லாரும் அப்படியே நின்றோம். அவர் ஒருக்களித்து நின்று கவனித்தார். ஒரு பிள்ளை ஏதோ கேட்க வாயெடுத்ததும் "சும்னிரி" என்று கன்னடத்தில் அதட்டினார். பிறகு பூனை மாதிரி வரிசையோரமாகவே நடந்து என்னிடம் வந்தார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"முன்னால மூங்கில் ஒடிக்குதுங்ணா. கூட்டமா நிக்குது. இனி முன்னால போக முடியாது. பின்னால ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா? இல்லன்னா வந்த வழியே உடனே திரும்பிடலாம்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லைதான். வந்த வழியில் ஒன்றும் இருக்காது, இப்போதுதானே வந்தோம் என்று மனம் சமாதானம் சொன்னது. ஒரு சொல் போதும், காவலர் நம்பித் திரும்புவார். அந்த மூன்று பிள்ளைகளில் சின்னவள் கல்லூரி முடித்தே ஒரு வருடம்தான் இருக்கும், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மனைவி கண்ணை இமைக்காமல் நின்றாள்.

"தம்பி, எனக்கு ரெண்டு காதும் கேக்காது," என்றேன். "பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீ என்னைய நம்பாத."

என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. காவலர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேசினாள். பதில் கையிலேயே இருந்த மாதிரி அவள் உதடு உடனே அசைந்தது.

"எனக்குக் கேட்டுச்சு. ஓடைக்கு வலது பக்கம், கிளை ஒடியற சத்தம், ரெண்டு தடவை."

காவலர் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. இடது பக்கம் வீடு உயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அதன் மேல் ஏற்றினார். என் மனைவியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று விரலால் கேட்டார். அவளும் விரலால் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து வந்தது பயத்தில் இல்லை. கடைசி ஆளின் வேலையை அவ்வளவு தூரமும் அவள்தான் பார்த்து வந்திருக்கிறாள்.

பாறை மேல் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், நாங்கள் கடந்து வந்த ஓடை மணலில் ஒரு பெண் யானை இறங்கியது. காலுக்கடியில் ஒரு குட்டி. எங்கள் செருப்புத் தடத்தை அது தும்பிக்கையால் முகர்ந்து பார்த்தது, முகர்ந்து அங்கேயே நின்றது. திரும்பி நடந்திருந்தால் நேராக அதன் முன்னால் போய் நின்றிருப்போம். மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். யானை காதை ஒரு தடவை விரித்து மூடிவிட்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்க் கரையில் ஏறி மூங்கிலுக்குள் போயிற்று. இரண்டே எட்டில் காணவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை எப்படி ஒளித்துக்கொள்கிறது என்று கேட்டேனே, பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அது போனதும் காவலரிடம், யானை நடக்கும்போது என்ன சத்தம் வந்தது என்று ஆசையாகக் கேட்டேன். சின்னவள் முந்திக்கொண்டு, எதுவுமே கேட்கவில்லை அங்கிள் என்றாள். காவலரும் ஆமாம் என்றார். யானை மரத்தை ஒடித்தால்தான் சத்தம் வருமாம், நடந்தால் சருகுகூட அலுங்காதாம். அந்த ஒரு நிமிடம் எல்லாரும் என்னைப் போலத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அல்ப சந்தோஷம்.

திரும்பும்போது காவலர் என்னைத் தனக்கு அடுத்து நிறுத்திக்கொண்டார். கடைசி ஆளாக என் மனைவி வந்தாள். அவள் காலடி எனக்குக் கேட்காது என்பதால் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முன்னால் பாருங்கள் என்று அவள் கையால் அதட்டினாள்.

அஞ்செட்டியில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேச முடிந்தது. எனக்குக் காது கேட்காது என்று எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். மூன்று வருடமாகத் தெரியும் என்றாள். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம். எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

"அங்க எதுக்குச் சும்மா நின்ன? உனக்குத்தான் முன்னாலயே கேட்டுச்சே."

"அந்தத் தம்பி உங்களத்தான கேட்டுச்சு."

"நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருந்தா?"

"நான் சொல்லியிருப்பேன். யாரையும் அந்தப் பக்கம் போக விட்டிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நான் உதட்டைப் பார்க்கிற மாதிரி முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஆனா நீங்க அப்படிச் சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் உங்க கூட எப்படி வீட்டுக்கு வர்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

மெதுவாகத்தான் சொல்லியிருப்பாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.