தோள்பட்டைக்கு ஓர் அர்ச்சனை

போன கிழமைக்கு முதல் கிழமை, ஞாயிறு காலை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டுடன் நிற்கிறேன்.

"பேர்?" என்றார் ஐயர்.

"மிகேல்."

ஐயர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நட்சத்திரம்?"

"மகம்... இல்லாட்டிப் பூரம்."

"ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ தம்பி."

அங்கேதான் சிக்கல். மிகேல் பிறந்த திகதி என்னிடம் இருக்கிறது. ஊர், உயரம், எடை எல்லாம் இருக்கிறது. பிறந்த நேரம் மட்டும் இல்லை. அன்றைக்கு மத்தியானம் வரை மகம், அதற்குப் பிறகு பூரம் என்கிறது பஞ்சாங்கம். ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்போல் அட்டை அச்சடிக்கிறவர்களுக்கு, ஒருவன் எந்தக் கையால் எறிகிறான் என்று போடத் தெரிகிறது. காலையில் பிறந்தானா, மாலையில் பிறந்தானா என்று போடத் தெரியவில்லை!

அட்டையையே ஐயரிடம் நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பின்பக்கத்தை வாசித்தார்.

"வலக்கையால எறியிறவர் எண்டு கிடக்கு. இதை வச்சு நட்சத்திரம் பாக்கேலாது."

"அந்த வலத்தோள்தான் ஐயா நோகுது. ரெண்டு நட்சத்திரத்துக்கும் செய்து விடுங்கோ."

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என் அட்டைப் பைத்தியம் புதிதல்ல. எங்கள் ஊர் பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மொன்றியலில் எல்லாரும் தலைமுழுகிவிட்டார்கள். நான் முழுகவில்லை. அந்த அணியில் ஆடியவர்கள் எங்கெங்கே சிதறினார்களோ, அங்கெல்லாம் என் மனமும் சிதறிக் கிடக்கிறது.

மிகேல் பந்து எறிகிறவன். எங்கள் அணியில் தொடங்கிய பொடியன். அவனுடைய முதல் வருட அட்டைக்காக லாசாலில் ஒரு கடையில் என் நல்ல அட்டைகள் ஆறைக் கொடுத்து மாற்றினேன். பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்த ஒரு சித்தி அதைப் பார்த்துவிட்டு, "ஆர் இந்தத் தொப்பி போட்ட பொடியன்? பார்த்து வைச்ச மாப்பிள்ளையோ?" என்று கேட்டார். எங்களுக்குப் பெண்பிள்ளையே இல்லை.

ஆனால் ஒன்று. நான் அட்டை வாங்கினால் அவனுக்கு ஏதாவது நடக்கும்! முதலாமவனுக்கு முழங்கால். அடுத்தவனுக்கு விரல். இன்னொருவன் ஆடும்போதுகூட இல்லை, சப்பாத்துக் கழற்றக் குனிந்த இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் உங்கட கண்ணூறு. அப்பிடி உத்து உத்துப் பாத்தால் அந்தப் பிள்ளையள் என்ன செய்யும்?" என்பாள் என் மனைவி சுகந்தி.

நான் அதை நம்பவில்லை. ஆனாலும் மிகேலின் அட்டையை வாங்கிய அன்றே உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தரம் சுற்றிப் போட்டேன். அடுப்பில் மிளகாய் வெடித்து, புகை மணி அலறி, கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து பிரெஞ்சில் ஏசிவிட்டுப் போனார். இவ்வளவு செய்தும், ஒரு மாதத்துக்கு முன் மிகேலுக்குத் தோள் போய்விட்டது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையால் வந்ததும் கணினிதான், ரீவிதான். தசைநாரா, எலும்பா? வெட்டுவார்களா, விடுவார்களா?

இதில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல்... சுகந்தியும் கவலைப்படத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் குசினியிலிருந்து, "இஞ்சேருங்கோ, தோள் சரியா நோகுது" என்றாள்.

"ஓம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும்" என்றேன்.

இன்னொரு நாள், "கையைத் தூக்கவே ஏலாமல் கிடக்கு" என்றாள்.

"தூக்கவே கூடாது. ஆறு கிழமை ஓய்வு" என்றேன், ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபது வருடத்தில் முதல் தடவையாக மனைவி என் விளையாட்டைப் பற்றிக் கதைக்கிறாள். சந்தோசத்தில் எனக்கு ஒரே புளுகம்!

சரி, கோயிலுக்கு வருவோம். மகத்துக்கு ஒன்று, பூரத்துக்கு ஒன்று என்று மிகேலுக்கு இரண்டு அர்ச்சனையும் முடிந்தது. விபூதியைக் கையில் தந்துகொண்டே ஐயர் கேட்டார்.

"தங்கச்சிக்கு இப்ப தோள் எப்பிடி?"

"எந்தத் தங்கச்சி?"

"உங்கட வீட்டுக்காரி! போன வெள்ளிக்கிழமை தீபத்தைத் தொட்டுக் கும்பிடக் கை உயர்த்தேலாமல் நிண்டவ. டோர்வல் எயார்போட் வேலையில விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அடுக்கி வந்த நோவாம். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேல்தட்டில் இருந்த அரிசி வாளி கீழே வந்திருந்தது. அவள் இடக்கையால் பொட்டு வைத்தாள். எப்போதும் இறுகப் பின்னுகிற தலைமயிரை ஒரு கிளிப்பில் அள்ளிச் செருகியிருந்தாள். நான் அதைப் பார்த்து, புது ஸ்ரைலாக்கும் என்று நினைத்தேன்.

"சரி, அவவுக்கும் ஒண்டு செய்வம். நட்சத்திரம்?"

உத்தரமா? உத்திராடமா? உத்தரட்டாதியா? உத்... வரைக்கும்தான் எனக்கு வந்தது. முன்பின் தெரியாத மிகேலுக்கு இரண்டு நட்சத்திரம். கட்டின மனைவிக்கு அரை நட்சத்திரம்! வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றுக்கும் செய்யுங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. "கேட்டுக்கொண்டு வாறன் ஐயா" என்று வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் சுகந்தி சோபாவில் இருந்தாள். தோளில் ஐஸ் பை.

"சுகந்தி, உமக்குத் தோள் நோகுதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனானே! ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னீங்கள். இந்த மனுசன் இவ்வளவு அக்கறையாச் சொல்லுதே எண்டு ரெண்டு பஸ் மாறித் தனியாப் போய் டொக்டரைக் கண்டனான்."

ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். வலத்தோள், தசைநார் வீக்கம், பதினைந்து நாள் ஓய்வு.

"அண்டைக்குப் பின்னேரமே உங்களிட்டக் காட்ட வந்தனான். நீங்கள் பிள்ளையாருக்கு முன்னால நிண்டு அவன்ர அட்டைக்கு விபூதி பூசிக்கொண்டு நிண்டீங்கள். பேசாமல் திரும்பிப் போயிட்டன்."

குரல் கொஞ்சம் உடைந்தது. நல்ல வேளையாக, அடுத்த நிமிடமே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே சட்டம் போட்டாள்.

"உங்கட ஆக்களுக்குக் காயம் எண்டால் பதினைஞ்சு நாள் பட்டியலில போடுவாங்களெல்லே? நானும் இண்டையில இருந்து அந்தப் பட்டியலில. மாற்று ஆட்டக்காரர் நீங்கள்தான்."

ஆடினேன். முதல் நாள் சோறு குழைந்தது. இரண்டாம் நாள் புகை மணி மறுபடி அலற, கீழ்வீட்டுக்காரர் இந்தத் தரம் ஏசவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். "பிள்ளையாருக்குப் பூமாலை கட்டுற மாதிரி எல்லே கிடக்கு" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். நான்காம் நாள் நட்சத்திரத்தைக் கேட்டேன். உத்தரட்டாதி. கோயிலுக்கு ஓடிப்போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே ஓர் அட்டையும் செய்தேன். கல்யாணப் படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி ஒட்டி, பின்பக்கத்தில் பிறந்த திகதி, நட்சத்திரம், உயரம், எடை, வலக்கைக்காரி என்று எழுதி உறையில் போட்டேன். மிகேலை அல்பத்துக்குள் அனுப்பிவிட்டு, பிள்ளையாருக்குப் பக்கத்தில் இவளை நிறுத்தினேன். மறக்காமல் உப்பும் மிளகாயும் சுற்றினேன், ஆனால் அடுப்பில் போடவில்லை.

நேற்று, பத்தாம் நாள். குசினியில் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்கிறேன்... சுகந்தியின் வலக்கை மெல்ல மெல்ல மேலே போகிறது. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, சாமித்தட்டு வரைக்கும்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிடத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

இல்லை. தன் அட்டையை எடுத்தாள். திருப்பினாள். பேனையால் என்னவோ வெட்டி எழுதினாள். திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தேன். எடையில் ஏழு கிலோ குறைந்திருந்தது — நான் வாய் திறப்பேனா?