குடிக்காதவள் கையில் கயிறு

பரளச்சி மருதுபாண்டிக்கு வந்த மாதிரி ஒரு சர்க்கரை நோய் உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. டாக்டருக்குத் தெரியாது, மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது, மருதுபாண்டிக்கே தெரியாது. அவர் மனைவி ஆவுடைத்தாய்க்கு மட்டும்தான் தெரியும். பஸ் நிறுத்தத்தில் விழுந்து கிடந்தால் சுகர். கல்யாணப் பந்தியில் இலைமேல் சாய்ந்தால் சுகர். இழவு வீட்டுக்குப் போய், பிணத்துக்குப் பக்கத்தில் இவரும் நீட்டிப் படுத்தால் அதுவும் சுகர். "அவுகளுக்குச் சுகரு. வெறும் வயித்தோட இருந்துட்டாக" என்று முந்தானையால் அவர் வாயைத் துடைத்தபடியே சொல்லுவாள். அந்த வாயின் வாடை ஊர் எல்லைவரை அடிக்கும். கேட்பவர்களும் முகம் கோணாமல், "ஆமாத்தா, பொல்லாத சீக்கு" என்பார்கள். அவள் தலை மறைந்ததும், "இன்னைக்குச் சுகரு எந்தக் கடையில ஏறுச்சாம்?" என்று சிரிப்பார்கள். ஊருக்கு வேறென்ன வேலை?

ஆவுடைத்தாய் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் போட்டு, வானத்தைப் பார்த்தே எந்த வாரம் விதைக்கலாம் என்று சொல்லக்கூடியவள். டிராக்டர்காரன் அவளிடம் வாலாட்ட முடியாது. வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அவரைத் தேடிப் போவாள், தோளில் சாய்த்துக் கூட்டி வருவாள், குளிப்பாட்டுவாள், ஊட்டிவிடுவாள், மறுநாள் அவருக்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்பாள். "அவ இல்லாட்டி அவன் என்னைக்கோ மண்ணாப் போயிருப்பான்" என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். அவருக்குப் பிராந்தி என்றால் இவளுக்கு அந்தப் பேச்சு. இரண்டு பேருமே நிறுத்த முடியாமல்தான் கிடந்தார்கள்.

ஒரே மகள் முருகலட்சுமியை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே நடந்த அவளுடைய வளைகாப்பில் மருதுபாண்டி வளையல் தட்டின்மேலேயே விழுந்தார். கண்ணாடி வளையல் எல்லாம் நொறுங்கிப்போயிற்று. சம்பந்தி வீட்டார் குனிந்து வளையல் துண்டுகளைப் பொறுக்க, ஆவுடைத்தாய் வழக்கம்போல ஆரம்பித்தாள்: "அவுகளுக்குச் சுகரு..."

மகள் தாயை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எம்மா, தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு எல்லாரும் சொல்லுவாக. நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். எனக்கு வலி வந்தா நீ இங்க வா. அப்பாவ வுட்டுட்டுத் தனியா வா. அவரத் தூக்குறதுதான் ஒனக்குப் பெருசுன்னா, பெறகு எப்பவும் வராத. எம்பிள்ள முன்னாடி நீ சுகருன்னு சொல்லக் கூடாது."

ஆவுடைத்தாய்க்கு மகளும் வேண்டும், புருஷனையும் விட முடியாது. இவர் குடியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள். திருச்சுழி போகிற வழியில் ஒரு முனியசாமி கோயில். குடியை விடுகிறவன் தலை முழுகி, ஈர வேட்டியோடு சாமி முன்னால் சத்தியம் செய்தால், பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கயிறோடு குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று பேச்சு. மருதுபாண்டியும் தலையாட்டிக்கொண்டு கிளம்பினார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "இந்தா, ஒண்ணுக்கு இருந்துட்டு வாரேன்" என்று போனவர் போனவர்தான்.

தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஆவுடைத்தாய் தனியாகவே கோயிலுக்குப் போனாள். ஈர வேட்டிகளின் வரிசையில் ஒரு சேலை நின்றது.

"எங்கத்தா ஒன் வீட்டுக்காரரு?" என்றார் பூசாரி.

"அவுகளுக்கு வர முடியல சாமி. அவுகளுக்குப் பதிலா எனக்குக் கட்டுங்க."

"குடிக்கிறது நீயா, அவரா?"

"அவுகதான்."

"பெறகு ஒனக்கு எதுக்கு? காச்ச அவருக்கு, கசாயம் ஒனக்கா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. நேற்றுவரை சாக்கடையில் கிடந்தவனெல்லாம் சிரித்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. பூசாரி சலித்துப்போய்க் கட்டிவிட்டார். கணவனோடு வந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல், அருப்புக்கோட்டையில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி அவளிடம் சொன்னாள்.

நூல் கடை மாடியில் குடிகாரர்களின் மனைவிமார் கூடுகிற இடம் அது. நடத்துகிறவள் சுமதி, மனநல ஆலோசகர். மனசுக்கு வந்த சீக்கை மனசோடு நிறுத்தாமல் மூச்சு, சாப்பாடு, தூக்கம், சாமி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது அவள் வழி. சோற்றில் கலந்து போட ஏதாவது பொடி கிடைக்கும் என்று ஆவுடைத்தாய் போனாள். உட்கார ஒரு பாய்தான் கிடைத்தது. கண்ணை மூடு, நெஞ்சில் கை வை, மூச்சு போவதையும் வருவதையும் பார் என்றார்கள். மூச்சைப் பார்க்கவா பஸ் பிடித்து வந்தோம் என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

பிறகு சுமதி கேட்டாள்: "ஒங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்க்கா?"

"அவுகளுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு."

"அவுகளக் கேக்கல. ஒங்களுக்கு?"

ஆவுடைத்தாய் ஒவ்வொரு குழம்பாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் அவருக்குப் பிடித்ததாகவே இருந்தது. அவர் குடிக்கிறார் என்று எத்தனையோ தரம் அழுதவள், தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லையே என்று அழுதது அன்றைக்குத்தான்.

அடுத்தடுத்த வாரங்களும் போனாள். கயிற்றுக் கதையைச் சொன்னபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை. "சரியான கையிலதான் கட்டியிருக்காரு" என்றாள் சுமதி. "வேண்டுதல்தான் மாறிப்போச்சு. அவர் விட வேண்டியது குடி. நீங்க விட வேண்டியது என்னன்னு யோசிங்க. சாமி ஒங்ககிட்டக் குடுத்தது ஒங்க உசுர. அதப் பட்டினி போட்டுட்டு அவர் உசுருக்குக் காவல் இருக்கீகளே."

ஆவுடைத்தாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். அவருக்காகப் பொய் சொல்ல மாட்டேன். போதையில் விழுந்தவரைத் தூக்க மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 108-க்குச் சொல்ல வேண்டும் என்று சுமதி திருத்தினாள்.

பரளச்சி அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? பொய்யைக் கேட்டுச் சிரித்த ஊர், அவள் பொய்யை நிறுத்தியதும் கோபப்பட்டது. மருதுபாண்டியின் அக்கா ராக்கம்மாள், "டவுனுக்குப் போயி மூச்சு விடப் படிக்காளாம், இத்தன நாளும் எதால விட்டாளாம்?" என்று தெருவுக்குக் கேட்கப் பேசினாள்.

ஒரு நாள் காலையில் மருமகன் போன் செய்தான். முருகலட்சுமிக்கு வலி கண்டுவிட்டது. ஆவுடைத்தாய் பையைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை வந்து, மதுரை பஸ்ஸுக்கு ஓடினாள். டீக்கடை ஓரத்தில் மருதுபாண்டி கிடந்தார்.

"எக்கா, ஒங்க ஆளு" என்றார் டீக்கடைக்காரர்.

கால் தானாக அங்கே திரும்பியது. குனிந்து பார்த்தாள். வாடை அடித்தது. மூச்சு மட்டும் என்றைக்கும் போல இல்லாமல் வேகமாக வாங்கிற்று. தூக்கினால் இன்றைக்குப் பொழுது இவரோடு போய்விடும், மகளும் போய்விடுவாள். "அண்ணாச்சி, மூச்சு ஒரு மாதிரி இருக்கு. 108-க்குப் போன் போடுங்க. எம்மகளுக்குப் பிரசவம், நான் போறேன்" என்றாள்.

"சுகர்தானக்கா?" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். "தெளிஞ்சா எந்திரிப்பாரு, நீங்க போங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆவுடைத்தாய்க்கும் அது சரியென்றே பட்டது. கையில் போன் இருந்தும் அவள் கூப்பிடவில்லை. பஸ் ஏறினாள்.

பேத்தி பிறந்தாள். ஆவுடைத்தாய் துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தபோது ராக்கம்மாளின் போன் வந்தது. சாயங்காலம் வரை கிடந்தவரை யாரோ தொட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். போதை மட்டும் இல்லை. சர்க்கரை எகிறி நினைவு தப்பியிருக்கிறது. பல வருஷமாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஒருநாளாவது சோதித்துப் பார்த்ததுண்டா என்று திட்டினாராம்.

எப்படிச் சோதிப்பாள்? ஊர் முழுக்கச் சுகர் சுகர் என்று சொன்னவளுக்கு, அது பொய் என்று தெரியுமே. சோதித்துப் பார்க்க வேண்டிய நோய் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இதைவிடக் கேவலமாக ஒரு பொய் பலிக்குமா?

அவள் உடனே ஓடவில்லை. ஓடத்தான் உடம்பு துடித்தது. அவர் கண் விழித்துவிட்டார், ஆபத்து நீங்கிவிட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பேத்தி பிறந்த தீட்டுக் கழியும்வரை மகளோடு இருந்தாள். "ஒனக்கு என்னம்மா ஆக்கட்டும்?" என்று சம்பந்தி வீட்டில் அவளைக் கேட்டபோது, "சுடுகஞ்சியும் பருப்புத் தொவையலும்" என்று வாயில் தானாக வந்தது. ஒரு வாய் குடித்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய விலை.

பரளச்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரருக்கு என்னக்கா?" என்றாள். "சுகரு" என்றாள் ஆவுடைத்தாய். பின் சீட்டு மொத்தமும் சிரித்தது. "புருசன் சாகக் கெடக்கையில பஸ் ஏறுனவ" என்று யாரோ சொன்னதும் கேட்டது.

வீட்டில் மருதுபாண்டி கட்டிலில் இருந்தார். சர்க்கரைப் புண் வைத்து, கால் பெருவிரலை எடுத்திருந்தார்கள். குடி இல்லாத அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ராக்கம்மாள் இன்சுலின் ஊசியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். "இந்தா, சாப்பாட்டுக்கு முந்திப் போடணுமாம். செஞ்ச பாவத்துக்குக் காலமெல்லாம் இதச் செய்யி."

ஆவுடைத்தாய்க்கு அந்த ஊசியைப் பிடித்தபோது பயமாக இருந்தது. இனி பொய்யே தேவையில்லை. நோயாளியைப் பார்க்கிற பத்தினி என்று ஊரே மறுபடி மெச்சும். முகத்தில் அந்த வெளிச்சம் வரும். அந்தப் பேர், அவள் செத்தாலும் இறங்காத சுமை.

"இந்தாங்க" என்று ஊசியை அவரிடமே நீட்டினாள். "ஆஸ்பத்திரியில ஒங்களுக்குத்தான சொல்லிக் குடுத்தாக. நீங்களே போட்டுக்கோங்க. சோறு நான் ஆக்குறேன்."

"கை நடுங்குது ஆவுடை."

"நடுங்கட்டும்."

"கல்லு மனசுக்காரி!" என்று ராக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள். மருதுபாண்டி சட்டையைத் தூக்கி வயிற்றுச் சதையைப் பிடித்தார். ஊசி தடுமாறியது. ஆவுடைத்தாயின் வலது கை தானாக எழுந்தது. அவள் அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கயிற்று முடிச்சு சதையில் குத்தியது.

அவர் குத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒருவழியாக முடித்தார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். "ஊருல கேட்டா எனக்கு என்னன்னு சொல்லுவ?"

"நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள் ஆவுடைத்தாய். "நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான்."