எண்ணெய் இல்லாத வடை

என் அக்காவுக்கு வடை என்றால் உயிர். அதை அவள் தட்டிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு இஷ்டமில்லை.

நாங்கள் சிங்கப்பூரில், பூன் லேயில் வளர்ந்தோம். அப்பாவுக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தேக்கா சந்தைக்குப் போய்வரும் சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு இறால் வடை வாங்கி வருவார். உப்பிய வடை, நடுவில் ஓட்டோடு ஒரு முழு இறால், கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும், காகிதமெல்லாம் எண்ணெய் ஊறியிருக்கும். என் வடை இரண்டு நிமிடம் தாங்காது. அக்கா ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்பாள். கடைசியில் இறால் இருக்கும் நடுத்துண்டை என் பக்கம் தள்ளுவாள்.

"எனக்கு இறால் பிடிக்காதுடா. நீயே தின்னு."

நல்லதாகப் போயிற்று என்று தின்பேன்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து, பிறகு இதயத்திலும் அடைப்பு என்றானபோது, நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். நாற்பது வருடம் பெட்டிகளை அதட்டி அடுக்கியவனுக்கு அதட்ட வேறொன்று கிடைத்தது. அக்கா வீட்டுக்கு எண்ணெயில்லாமல் பொரிக்கும் ஏர் பிரையர் வாங்கிக்கொண்டு போனேன். அத்தான் தன் பிஸ்கட் டின்னை எனக்குத் தெரியாமல் படுக்கையறைக்கு மாற்றினார். முறுக்கை நிறுத்தி அவித்த கடலை கொடுத்தேன். பளபளவென்று வண்ண வண்ணமாக இருக்கும் மலாய்ப் பலகாரமான கூவேயை நிறுத்தி, கொய்யாவை நறுக்கி வைத்தேன். பருப்போடு ஓட்ஸ் கலந்து, எண்ணெயைத் தூரிகையால் தொட்டு வடை சுட்டேன்.

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வடையா, இல்ல பாத்திரம் தேய்க்கிற நாராடா?"

"ஹெல்த்தி லா. சாப்பிடு."

"சரி லா, சாப்பிடுறேன். கத்தாத."

சாப்பிட்டாள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை வருடம். அவளுக்குச் சர்க்கரை குறையத்தான் செய்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஒன்றை மறைத்துவிட்டேன். பாலிகிளினிக்கில் அக்காவை ரத்தம் எடுக்க உள்ளே அழைத்துப்போன நேரத்தில், உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னிடம், "எப்பவாவது ஒண்ணு சாப்பிட்டா பரவாயில்ல அங்கிள், ரொம்ப டைட் பண்ணாதீங்க," என்றாள். மற்றதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எப்பவாவது என்பது தினமும் ஆகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேரும் தேக்கா சந்தைக்குப் போனோம். கால் வலிக்கிறது என்று அவள் சாப்பாட்டுக் கடைகள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால், அவள் முன்னால் ஒரு இறால் வடை. ஓரமெல்லாம் தின்றாகிவிட்டது, நடுத்துண்டு மிச்சமிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் கஷ்டப்பட்டு சுட்டுக் கொடுக்கிறது எதுக்கு? சாகப் போறியா?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கத்தியே சொன்னேன். பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் துண்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அக்கா விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். மிளகாய் மட்டும் தட்டில் கிடந்தது. திரும்பும்போது ரயிலில், மீன் வாடை அடிக்கிறது என்று மட்டும் சொன்னாள். நானும் சமாதானம் சொல்லவில்லை. என் பக்கம் நியாயம் இருப்பதாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து, தூக்கத்தில் போய்விட்டாள். அதுவரை என் ஓட்ஸ் வடையைத்தான் தின்றாள்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். அத்தான் கேட்டார்: "மச்சான், தேக்கா போய் இறால் வடை வாங்கிட்டு வர்றீங்களா?"

"சாதா வடை வாங்குறேன் அத்தான். அக்காவுக்குத்தான் இறால் பிடிக்காதே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரு சொன்னது? வீட்டுல இறால் சமைச்சா எனக்கே மிச்சம் வைக்க மாட்டா. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் தொட மாட்டா. தம்பிக்குப் பிடிக்கும்னு எடுத்து வைப்பா."

அடுப்படியில் போய் நின்றேன். அக்கா தட்டில் அன்று மிச்சமிருந்த நடுத்துண்டு யாருக்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறுபது வயது தாண்டியவன், ஏர் பிரையரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அதே கடையில் வாங்கி வந்து இலையில் வைத்தோம். கும்பிட்டு, கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு, வழக்கப்படி படையலை எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார்கள். அத்தான் வடையைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டே வந்தார். நடுத்துண்டை யாருக்கும் கொடுக்காமல் கடைசியில் என் தட்டில் வைத்தார்.

தின்றேன்.