பழைய பெட்டியில் சிவப்பு விளக்கு

லோகப்பிரியாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல சுவிட்ச் போடறாளுங்க" என்பார் காரமடையில் இருக்கும் அவள் அம்மா. சொன்னது கிட்டத்தட்டச் சரிதான்.

கோவையில் அவள் வேலை பார்க்கும் நிறுவனம், தோட்டத்து மோட்டாரைத் தூரத்திலிருந்தே இயக்கும் மென்பொருளைச் செய்கிறது. ஒரே நிரல் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும். மோட்டார் பக்கத்தில் மாட்டிய பெட்டியிலும் ஓட வேண்டும். புதிய வசதி எதையும் மூடியபடியே அனுப்பிவிட்டு, நேரம் வரும்போது திறப்பார்கள். அப்படித் திறந்து மூடும் சுவிட்சுக்கு ஃப்ளாக் என்று பெயர். அறுநூற்றுச் சொச்சம் ஃப்ளாகுகள். எது எங்கே திறந்திருக்கிறது, எந்தக் கருவிக்கான கோப்பில் எந்தப் பகுதி சேர்கிறது என்ற கணக்கை எடுத்துக்கொள்ள ஆளில்லாதபோது, டிப்ளமா முடித்து டெஸ்டராக வந்த லோகப்பிரியா எடுத்துக்கொண்டாள். ஏழு வருடமாயிற்று.

சென்ற ஆண்டு யானை எச்சரிக்கை என்ற புது வேலை வந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விடிகாலையில் மோட்டார் போடப் போகிறவர்கள் யானைக்கு நேர் எதிரே போய் நின்றுவிடுகிறார்கள். மலையடிவாரக் கேமராவில் யானை பட்டால் போன்கள் ஒலிக்க வேண்டும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பத்து மாத உழைப்பு. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. திறக்க மூன்று நாள் இருந்தது.

அன்று அவள் கோப்புகளின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது நிரல் சேர்ந்து மற்றவை எல்லாம் பெருத்திருந்தன. பழைய மாடல் பெட்டியின் கோப்பு மட்டும் ஒரு பைட்கூடக் கூடவில்லை. எதில் எது சேர வேண்டும் என்று சொல்லும் கட்டமைப்புக் கோப்பைத் திறந்தாள். அந்தப் பெட்டியில் இடம் குறைவு என்று, கேமரா சம்பந்தப்பட்ட எதையும் சேர்க்க வேண்டாமென்று யாரோ என்றைக்கோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்.

குழுத்தலைவர் நரசிம்மலுவிடம் ஓடினாள். "சார், பழைய பொட்டியில ஃப்ளாக்கைத் தொறக்கலாமுங்க. ஆனா அதுக்குப் பொறகால ஒண்ணுமே இல்லீங்க."

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருச்சேம்மா?"

"இல்லாத ஒண்ணு எப்படீங்க சார் தப்புப் பண்ணும்?"

அவர், "அடிவாரத்துல பழைய பொட்டி எத்தனை இருக்குது?" என்றார்.

"நூத்தி எண்பதுங்க."

அந்த வரியை எடுத்தால் கோப்பு பெட்டிக்குள் அடங்கவில்லை. உடன் வேலை செய்யும் அபிலாஷும் அவளுமாக, பல வருடமாக யாரும் திறக்காத நாற்பத்தொரு ஃப்ளாகுகளை ஒவ்வொன்றாக விசாரித்து, அவற்றின் நிரலோடு வெட்டி எறிந்தார்கள். மூன்றாம் நாள் மாலை கோப்பு அடங்கியது. மிச்சம் இரண்டு கிலோபைட்.

முதலில் ஒரே ஒரு கிராமத்துக்குத் திறந்தாள். "நேர்ல ஒருக்கா பாத்துப்போட்டு வாரேனுங்க சார்" என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

அந்த ஊரில் பழைய பெட்டி வைத்திருந்த தென்னை விவசாயி அங்கப்பனின் தோப்பில் இரண்டு விடியல்கள் சும்மா போயின. மூன்றாம் நாள் கிழக்கு வெளுக்கும்போது, வழக்கம்போலப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு அவர் முன்னால் நடக்க, லோகப்பிரியா பின்னால் வந்தாள். மோட்டார் அறைக்கு ஐம்பதடி இருக்கும்போது, நிறம் மங்கிய அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நில்லுங்க அம்மணி." அங்கப்பன் குரல் காற்றாக வந்தது. "அசையாதீங்க."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அறைக்குப் பின்னால் இருட்டு என்று அவள் நினைத்திருந்தது நகர்ந்தது. பெரிய தாய் யானை. அதன் வயிற்றை ஒட்டி ஒரு குட்டி. அத்தனை பெரிய உடம்பு நடந்தும் ஒரு மட்டை நொறுங்கும் சத்தமில்லை. தாய் நின்று, துதிக்கையைத் தூக்கி இவர்கள் பக்கம் மோந்தது. அந்த மூச்சு அவளுக்குக் கேட்டது. குட்டி முன்னே ஓட, தாயும் மலையைப் பார்த்துத் திரும்பியது.

அங்கப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "வெளக்கு எரியலீனா நேரா அங்கதானுங்க போயிருப்பேன்."

லோகப்பிரியா யானை போன திசையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இத்தனை நாள் திரையில் அவள் பார்த்ததெல்லாம் ஒரு பெயரும், பக்கத்தில் ஆம், இல்லை என்ற சொல்லும்தான்.

நன்றாக விடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அபிலாஷைப் போனில் வைத்துக்கொண்டு, அடிவாரத்துக் கிராமங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, மீதமிருந்த அத்தனைக்கும் திறந்துவிட்டாள்.